தெருக் குழு தொடங்கியாச்சு, அடுத்து எங்கே பிடிப்பது? (பெங்களூரு: வடிகால் பில், வார்டு கமிட்டி, பொதுக் கேட்பு)

ஈஜிபுரா_வாடகைவாசி

வணக்கம். எங்கள் தெருவில் முப்பது வீடு சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்திருக்கிறோம். முக்கால்வாசி வாடகைக்காரர்கள், பாதிக்கு மேல் தமிழ். கன்னடம் பேசுவோம், எழுத வராது. தெருவில் புது வடிகாலும் தார் ரோடும் போட்டு முடித்ததாக போர்டு நிற்கிறது. மழை வந்தால் தண்ணீர் வாசல்படி ஏறுகிறது. மாநகராட்சியின் 1533 எண்ணுக்குப் புகார் கொடுத்தால் இரண்டு நாளில் "தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வரும், ஆள் வர மாட்டார்.

மூன்று கேள்வி. சங்கமாகப் பதிவு செய்தால்தான் மதிப்பார்களா? வார்டு கமிட்டியால் ஏதாவது நடக்குமா? முதலில் எதைப் பிடிப்பது? "மக்கள் விழித்தெழ வேண்டும்" மாதிரி வேண்டாம், செய்முறை சொல்லுங்க.

பில்_பார்ப்பவர்

பதிவை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்க. கர்நாடக சங்கப் பதிவுச் சட்டம் 1960இன்படி ஏழு பேர் இருந்தால் பதிவு செய்துவிடலாம், அது கஷ்டமில்லை. ஆனால் பதிவு செய்த நாளிலிருந்து வருடா வருடம் பொதுக்குழு, தணிக்கைக் கணக்கு, பதிவாளரிடம் தாக்கல் என்று வேலை வந்துவிடும். தெருவில் ஒரு காரியமும் நடக்காத நிலையில் செயலாளர் யார் பொருளாளர் யார் என்று சண்டை தொடங்கும். ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்டம்) மனுவை எப்படியும் சங்கத்தின் பெயரில் போட முடியாது. பிரிவு 3 உரிமையைக் கொடுப்பது குடிமக்களுக்கு, அதனால் ஆள் பெயரில்தான் போட வேண்டும். வங்கிக் கணக்கு தேவைப்படும் அன்றைக்குப் பதிவு பண்ணிக்கலாம்.

முதல் காரியம், ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுப்பது. குப்பை, விளக்கு, நாய், ரோடு எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதும் குழு மூன்று மாதத்தில் கலைந்துவிடும். உங்களுக்கு வடிகால் இருக்கிறது, அதையே எடுங்க.

அரசாங்கத்தில் ஒரு வேலை காசாக மாறும்போது காகிதச் சங்கிலி ஒன்று உருவாகும். எஸ்டிமேட், அதோடு ஒட்டிய அளவுப் பட்டியல், டெண்டர், ஒப்பந்தம், ஒர்க் ஆர்டர், எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் மெஷர்மென்ட் புக், தரச் சோதனை அறிக்கை, கடைசியில் பில். இவற்றில் உயிர் எம்.பி. புத்தகத்தில் இருக்கிறது. இத்தனை மீட்டர் நீளம், இத்தனை அகலம், இத்தனை ஆழம் வேலை நடந்தது என்று பொறியாளர் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட பதிவு அது. அந்த எண்ணை வைத்துத்தான் பணம் போகிறது. போர்டில் இருப்பதை வைத்து வாதாடாதீங்க. எம்.பி.யில் இருப்பதையும் தெருவில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதிகாரிக்குப் பேச அதிகம் இருக்காது.

இன்னொன்று, வேலை யாருடையது என்று முதலில் உறுதி செய்யுங்க. மழைநீர் ஓடும் தெருவோர வடிகால் மாநகராட்சி. கழிவுநீர்க் குழாயும் மேன்ஹோலும் குடிநீர் வாரியம், அதன் எண் 1916. அறிவிக்கப்பட்ட ஸ்லம் (குடிசைப்பகுதி) என்றால் ஸ்லம் வாரியமே போட்ட வேலையாகவும் இருக்கலாம், அப்போது மாநகராட்சிப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. பாதி மனுக்கள் தவறான கதவைத் தட்டியே வீணாகின்றன.

நாலாம்பிரிவு

மேலே சொன்னதோடு ஆர்.டி.ஐ. நுணுக்கம் சில.

கர்நாடகத்தில் ஒரு மனு 150 வார்த்தைக்குள், ஒரே பொருள் பற்றி இருக்க வேண்டும் என்று மாநில விதியே உண்டு. தமிழ்நாட்டு உறவினர் அனுப்பிய மூன்று பக்க மாதிரி மனுவை இங்கே போட்டால் அந்தக் காரணத்துக்காகவே திரும்பி வரும். கட்டணம் 10 ரூபாய், நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பி.பி.எல். (வறுமைக்கோட்டுக்குக் கீழ்) குடும்பத்தவர் பெயரில் போட்டால் கட்டணம் இல்லை, கார்டு நகல் இணைக்க வேண்டும்.

மொழி: பிரிவு 6(1) ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்கிறது. இங்கே கன்னடம். தமிழில் எழுதினால் ஏற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவரத் தகவல் அதிகாரி உதவ வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. இதைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை. நடைமுறையில் தெருவில் பத்தாம் வகுப்பு கன்னட மீடியம் படிக்கும் பிள்ளை ஒன்று போதும்.

"ஏன்" என்று கேட்காதீங்க. "ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்" என்பது தகவல் இல்லை, விளக்கம், அதற்குப் பதில் தர அவசியமில்லை. இப்படி எழுதுங்க: "இன்ன குறுக்குத் தெருவில் இந்த நிதியாண்டில் செய்த வடிகால் வேலையின் (அ) அளவுப் பட்டியலுடன் கூடிய எஸ்டிமேட், (ஆ) ஒர்க் ஆர்டர், (இ) எம்.பி. புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்கள், (ஈ) கான்கிரீட் கியூப் சோதனை முடிவுகள், (உ) இதுவரை செலுத்திய பில்கள், இவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும்." முடிந்தது. போர்டில் ஜாப் நம்பர் இருந்தால் கட்டாயம் சேருங்க. பிபிஎம்பி (ஐந்தாகப் பிரியும் முன் இருந்த மாநகராட்சி) காலத்து எண்ணில் வார்டு, ஆண்டு, வரிசை எண் மூன்றும் இருக்கும், "எந்த வேலை என்று தெரியவில்லை" என்ற பதில் அதோடு அடைபடும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், பிரிவு 6(3). 30 நாள் தாண்டினால் நகல் இலவசம், 7(6). பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது. இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள்: கோபத்தில் பிரிவு 18இல் புகார் போடுகிறார்கள். அந்தப் பிரிவில் ஆணையம் அபராதம் போடலாம், தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது. உச்ச நீதிமன்றம் 2011இல் மணிப்பூர் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. காகிதம் வேண்டுமென்றால் பிரிவு 19 வழிதான்.

ஆணையத்தில் இழுக்கும், மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் நகல் கேட்பதோடு "கோப்பை நேரில் பார்வையிட வேண்டும்" என்று தனி மனுவும் போடுங்க. நேரில் பார்த்தால் நீங்கள் கேட்கத் தெரியாத காகிதமும் கண்ணில் படும்.

ஜல்லிக்கரண்டி

அளப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். எம்.பி. கையில் வந்த பிறகு பலர் செய்யும் தப்பு, தெரு முழுக்க நடந்துவிட்டு "தரம் மோசம்" என்று எழுதுவது. தரம் கருத்து. அளவு உண்மை. அளவில் தொடங்குங்க.

வடிகால் உதாரணம். 300 மீட்டர் நீளம், உள் அகலம் 60 செ.மீ., சுவர் உயரம் 75 செ.மீ., சுவரும் அடித்தளமும் 15 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுவர் சேர்த்து 0.225 சதுர மீட்டர், 90 செ.மீ. அகல அடித்தளம் 0.135. மொத்தம் 0.36. அதை 300ஆல் பெருக்கினால் 108 கன மீட்டர் கான்கிரீட். எம்.பி.யில் 140 என்று இருந்தால் நீளத்திலோ தடிமனிலோ காற்று இருக்கிறது. நீளத்தை டேப்பில் அளக்கலாம். தடிமனை முனையிலும், ஸ்லாப் இல்லாத இடத்திலும், வீட்டுக் குழாய்க்காக ஓட்டை போட்ட இடத்திலும் அளக்கலாம். குறைந்தது ஐந்து இடத்தில் அளந்து, ஸ்கேல் தெரியும்படி போட்டோ எடுங்க.

அடுத்தது கியூப், அதாவது வலிமையைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456படி 50 கன மீட்டர் வரை 4 மாதிரி, அதற்கு மேல் ஒவ்வொரு 50க்கும் அல்லது அதன் பகுதிக்கும் இன்னொன்று. 108 என்றால் குறைந்தது 6 மாதிரி. ஒரு மாதிரிக்கு 3 கியூப், ஆக 18 கியூபின் 28 நாள் சோதனை முடிவு கோப்பில் இருக்க வேண்டும். ஒரே ஒரு தாளில் மூன்று கியூப் முடிவு வந்தால் மீதி எங்கே என்று கேளுங்க. சோதனைத் தேதியையும் கான்கிரீட் போட்ட தேதியையும் ஒப்பிடுங்க. வேலை தொடங்குவதற்கு முன் தேதியிட்ட சோதனைத் தாள்கள் இந்த நாட்டில் அபூர்வம் இல்லை.

தார் ரோடு: 200 மீட்டர், 6 மீட்டர் அகலம், அமுக்கிய பிறகு 40 மி.மீ. தடிமன் என்றால் 48 கன மீட்டர், ஏறக்குறைய 110 டன் கலவை. லாரி ஒவ்வொன்றும் ஆலையிலிருந்து எடைச்சீட்டோடுதான் வரும். சீட்டுகளின் கூட்டுத்தொகையைக் கேட்டால் போதும். வி.ஜி. 30 ரகத் தார் என்றால் விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி, ரோலர் ஓடும்போது 90க்குக் கீழே போகக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு மழைத் தூறலில் போட்ட ரோடு ஏன் மூன்று மாதத்தில் பெயர்கிறது என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

உங்கள் வாசல்படித் தண்ணீருக்கு வேறு ஒன்று பாருங்க. எஸ்டிமேட்டில் பழைய தார் மேற்பரப்பைச் சுரண்டி எடுக்கும் மில்லிங் என்ற ஐட்டம் இருக்கிறதா? இருந்து, பில்லிலும் வந்து, தெருவில் செய்யாமல் மேலேயே புதுத் தார் போட்டிருந்தால் ரோடு உயரும், வீடு பள்ளமாகும், வடிகால் வாய் ரோட்டுக்குக் கீழே புதைந்து அடைபடும். பழைய போட்டோவில் கெர்ப் கல் (ரோட்டு ஓரத்து விளிம்புக் கல்) எத்தனை விரற்கடை தெரிந்தது, இப்போது எவ்வளவு தெரிகிறது என்று ஒப்பிட்டாலே கண்டுபிடிக்கலாம். தார்த் தடிமனைப் பற்றிப் பேசுவதைவிட உங்கள் தெருவுக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

தூர் வாரல் பில் வந்தால் தனியாக உட்கார்ந்து பாருங்க. தடயம் மிஞ்சாத வேலை அது. 250 மீட்டர், 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. சேறு என்றால் 45 கன மீட்டர். டிராக்டர் டிரெய்லரில் 3 கன மீட்டர் வீதம் பதினைந்து நடை. எந்த வண்டி, எந்த நாள், எங்கே கொட்டியது என்ற பதிவைக் கேளுங்க.

ஈஜிபுரா_வாடகைவாசி

ரொம்ப நன்றி அண்ணா. தார்த் தடிமன் பார்க்க நாங்களே தோண்டலாமா?

ஜல்லிக்கரண்டி

கூடவே கூடாது. பொதுச்சொத்தைச் சேதம் செய்ததாக உங்கள் மேலேயே திருப்புவார்கள். ஆர்.டி.ஐ. பிரிவு 2(ஜெ)யில் பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கும் உரிமையும் இருக்கிறது. அதை வைத்து "இன்ன மூன்று இடத்தில் அதிகாரி முன்னிலையில் கோர் மாதிரி வேண்டும்" என்று மனுப் போடுங்க. 10 அல்லது 15 செ.மீ. விட்டத்தில் உருளையாக வெட்டி எடுப்பார்கள். இடத்தை நீங்கள் சொல்ல வேண்டும், ஒப்பந்ததாரர் சொன்னால் நல்ல இடமாகச் சொல்வார். வெட்டிய குழியை அன்றே அடைக்க வேண்டும் என்பதையும் மனுவில் எழுதுங்க.

அல்சூர்_அல்லி

எல்லாம் சரி. ஆனால் இந்த இழை போகிற போக்கைப் பார்த்தால் குடிமக்கள் பங்கேற்பு என்பது டேப்பும் கால்குலேட்டரும் என்று ஆகிவிடும் போலிருக்கிறது. யார் அந்தத் தெருவில் "குடிமகன்" என்ற கேள்வியையும் கேளுங்க.

பெங்களூருவில் குடிமக்கள் அமைப்பு என்றாலே குடியிருப்போர் நலச்சங்கம் என்று ஆகிவிட்டது. அதில் வீட்டு உரிமையாளர்தான் உறுப்பினர். வாடகைக்காரருக்குப் பல சங்கங்களில் ஓட்டு கிடையாது, வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் வாசலே கிடையாது. அதனால் சங்கம் "நடைபாதையைச் சுத்தம் செய்" என்று கேட்டால் அதிகாரி வடிகாலை விட்டுவிட்டு வண்டிகளை அகற்றிவிட்டுப் போய்விடுவார். அதுவும் குடிமக்கள் அழுத்தம்தான், கணக்கில் அப்படித்தான் வரும்.

இதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்ட வேலை ஒன்று இதே ஊரில் நடந்தது. சாமுவேல் பால் தொடங்கிய பப்ளிக் அஃபயர்ஸ் சென்டர் 1994, 1999, 2003 என்று மூன்று முறை குடிமக்கள் மதிப்பீட்டு அட்டை வெளியிட்டது. பொதுவான குடும்பங்களையும் ஸ்லம் குடும்பங்களையும் தனித்தனியாகக் கேட்டார்கள். "அரசு எப்படி இருக்கிறது" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், எந்த அலுவலகத்துக்குப் போனீர்கள், எத்தனை தடவை, வேலை முடிந்ததா, லஞ்சம் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். ஒவ்வொரு துறைக்கும் மதிப்பெண் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. ஒரு முறையோடு விட்டிருந்தால் செய்தியாக மறைந்திருக்கும். திரும்பவும் அளந்ததால்தான் துறைகளுக்கு உறைத்தது.

வாடகைவாசி, உங்கள் தெருவில் இதைச் சின்னதாகச் செய்யலாம். முப்பது வீட்டிலும் ஒரே பத்துக் கேள்வி. வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் பகலில் வீட்டில் இருப்பவரிடமும் கேளுங்க, தண்ணீர் எந்த நேரம் வருகிறது, சாக்கடை எத்தனை நாள் நின்றது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பதிலை வீட்டு எண்ணோடு வெளியிடாதீங்க. ஆறு மாதம் கழித்து அதே பத்துக் கேள்வியை ஒரு வார்த்தை மாற்றாமல் திரும்பக் கேளுங்க.

மினிட்ஸ்_மன்னார்

வார்டு கமிட்டி பற்றிக் கேட்டீங்க. நீளமாகப் போகும், பொறுத்துக்கோங்க.

3 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 243எஸ். 74ஆவது திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசின் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டம் 2005இல் வந்தபோது, பணம் வேண்டுமென்றால் மக்கள் பங்கேற்புச் சட்டம் கொண்டு வா என்று நிபந்தனை போட்டது. கர்நாடகம் 2011இல் மாநகராட்சிச் சட்டத்தைத் திருத்தி வார்டு கமிட்டியையும், வார்டின் உட்பகுதிகளுக்கான ஏரியா சபாவையும் சேர்த்தது. விதிகள் 2016இல்தான் வந்தன. கவுன்சிலர் தலைவர், 10 உறுப்பினர், அதில் குறைந்தது 3 பெண்கள், 2 தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர், 2 குடியிருப்போர் சங்கப் பிரதிநிதிகள். அதற்குப் பிறகும் தானாக நடக்கவில்லை. குப்பை வழக்கில் உயர் நீதிமன்றம் விரட்டியதாலும், சிவிக், ஜனாக்ரஹா போன்ற அமைப்புகள் விடாமல் கேட்டதாலும்தான் மாதக் கூட்டங்கள் வர ஆரம்பித்தன.

குறைகள் எல்லாருக்கும் தெரியும். உறுப்பினர் நியமனம் கட்சி வழியில் போனது, தலைவருக்கு வீட்டோ இருந்தது. 2015இல் தேர்ந்தெடுத்த 198 பேரின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10இல் முடிந்த பிறகு கவுன்சிலரே இல்லாமல் வருடங்கள் ஓடின. கவுன்சிலருக்குப் பதில் பொறுப்பில் வைத்த நோடல் அதிகாரி கூட்டம் நடத்துவார், கேட்டுக்கொள்வார், போவார். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்து, வார்டு எல்லைகளும் 369ஆக மாறின. பழைய வார்டு எண்ணில் மனுப் போடுவது இப்போது நேர விரயம். மனுவில் எந்த மாநகராட்சி, எந்தப் புது வார்டு, வேலை நடந்தபோது இருந்த பழைய வார்டு எண், மூன்றையும் எழுதுங்க.

இவ்வளவு குறை இருந்தும் கூட்டத்துக்குப் போகச் சொல்வது ஒரே காரணத்துக்காக: மினிட்ஸ், அதாவது கூட்டத்தின் எழுத்துப் பதிவு. வாயால் கொடுத்த புகார் அன்றே ஆவி. மினிட்ஸில் ஏறியது அடுத்த மாதம் "எடுத்த நடவடிக்கை" என்ற தலைப்பில் திரும்பி வந்தாக வேண்டும்.

செய்முறை இதுதான். கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பே விஷயத்தை எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்க. ஒரு தாள், ஒரு விஷயம், கடைசி வரியில் ஒரே கோரிக்கை: "கூட்டு அளவீடு (அதிகாரியும் நாங்களும் சேர்ந்து அளப்பது) இன்ன தேதியில் நடத்த வேண்டும்" என்பது மாதிரி, ஆமா இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக. கூட்டத்தில் பேச இருவர், எழுத ஒருவர். முடிந்ததும் மினிட்ஸ் நோட்டைப் படித்துக் காட்டச் சொல்லுங்க. "ரோடு பற்றி விவாதிக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீங்க. யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் வர வேண்டும். அன்று இரவே உங்கள் குறிப்பை அந்த அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பி, வேறுபாடு இருந்தால் சொல்லும்படி கேளுங்க. பதில் வராவிட்டாலும் அந்த மின்னஞ்சல் பிறகு மேல்முறையீட்டில் உதவும்.

அல்லி அக்கா சொன்னதற்கு ஒரு ஒட்டு: சனிக்கிழமை காலைக் கூட்டத்துக்கு வீட்டு வேலை செய்பவர் வர முடியாது. நேரத்தை மாற்று என்பதே உங்கள் முதல் கோரிக்கையாக இருக்கட்டும். காசு செலவில்லாத கோரிக்கை, மறுக்கக் காரணமும் இல்லை.

ஸ்ரீராமபுரம்_சீனு

இதெல்லாம் படித்தவன் விளையாட்டு சாமி. 2016இல் ஸ்டீல் மேம்பாலத்தை நிறுத்தியது எது? மினிட்ஸா? அக்டோபர் 16 அன்று சனம் கைகோத்து ரோட்டில் நின்றது. பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய், வெட்ட இருந்தது 812 மரம். அடுத்த மார்ச்சில் அரசு கைவிட்டது. கூட்டம் கூடினால்தான் பயம் வரும்.

பில்_பார்ப்பவர்

சீனு, கூட்டம் வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்தப் போராட்டத்திலும் சனம் வருவதற்கு முன்னும் பின்னும் காகிதம் ஓடியது. திட்ட அறிக்கை எங்கே, மரக் கணக்கு எங்கே, மக்கள் கருத்தை எப்படிக் கேட்டீர்கள் என்று துருவினார்கள், பசுமைத் தீர்ப்பாயம் அதே மாதம் தடை கொடுத்தது.

இன்னொரு வித்தியாசம். வராத பாலத்தைத் தடுக்கக் கூட்டம் போதும், எல்லோருக்கும் எதிரி ஒன்றே. போட்ட வடிகாலைச் சரி செய்ய வைக்க மாதாமாதம் போய் நிற்க வேண்டும், அதற்கு ஆயிரம் பேர் வர மாட்டார்கள். எட்டுப் பேர் விடாமல் வருவார்கள். எட்டுப் பேரை வைத்து நடத்தக் கூடிய முறையைத்தான் இங்கே பேசுகிறோம்.

ஸ்ரீராமபுரம்_சீனு

எட்டுப் பேரையும் ஒப்பந்ததாரர் ஆள் வந்து மிரட்டினால்?

நாலாம்பிரிவு

நியாயமான பயம். ஒரே ஆள் பெயரில் எல்லா மனுவும் போகக் கூடாது, இது முதல் விதி. மனுவுக்கு மனு பெயர் மாறட்டும். அதே கேள்வியை நாலு தெருவிலிருந்து நாலு பேர் கேட்டால் யாரை மிரட்டுவது என்ற குழப்பம் அவர்களுக்கு. பிரிவு 6(2)படி தொடர்புக்குத் தேவையான விவரம் தவிர எதுவும் கேட்க முடியாது, காரணமும் சொல்ல வேண்டாம். கிடைத்த காகிதத்தை அன்றே பத்து இடத்தில் நகல் வையுங்க. ஒருவர் கையில் மட்டும் இருக்கும் வரைதான் அவருக்கு ஆபத்து.

ஒரு புதுத் தொல்லையும் சொல்லிவிடுகிறேன். தனிநபர் தரவுச் சட்டத்தின் வழியாக ஆர்.டி.ஐ. 8(1)(ஜெ) மாறிவிட்டது, 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பு தனிநபர் தகவலை மறுக்க, பொது நடவடிக்கையோடு தொடர்பில்லை என்று காட்ட வேண்டும். இப்போது "தனிநபர் தகவல்" என்ற ஒரு சொல்லிலேயே மறுக்கப் பார்க்கிறார்கள். ஆட்களின் பெயர்ப் பட்டியல், கையெழுத்துப் போட்ட அதிகாரி யார் என்பதில் இந்தச் சுவரில் மோதுவீர்கள். இரண்டு வழி. முதலில், பெயர் தேவையில்லாத கேள்வி கேளுங்க: பதவி, அளவு, தேதி, தொகை. பெயர் தேவைதான் என்றால் பிரிவு 8(2)ஐ எடுத்துச் சொல்லுங்க, பொதுநலன் கெடுதலைவிடப் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற விதி இன்னும் அப்படியே இருக்கிறது. மேல்முறையீட்டில் பொதுநலன் என்ன என்பதை இரண்டு வரியில் எழுதுங்க.

அல்சூர்_அல்லி

காகிதமும் அளவும் சேர்ந்த பிறகு அதை எங்கே வைப்பது? பலர் நேரே லோகாயுக்தாவுக்கோ (ஊழல் புகாரை விசாரிக்கும் அமைப்பு) பத்திரிகைக்கோ போவார்கள். அதற்கு முன் தெருவில் படித்துக் காட்டுங்க.

இந்த முறைக்கு வேர் ராஜஸ்தான். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயி அமைப்பு 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் ஜன் சுன்வாய், அதாவது பொதுக் கேட்பு, நடத்தியது. வேலைக்கு வந்ததாக எழுதிய பட்டியலை ஊர் நடுவில் படித்தார்கள், பெயர் வந்தவர் எழுந்து நின்று நான் வேலை செய்யவில்லை, கூலி வாங்கவில்லை என்றார். தகவல் உரிமைச் சட்டம் வளர்ந்த மண் அது. நகரத்தில் 2002 டிசம்பரில் டெல்லி சுந்தர் நகரியில் பரிவர்தன் அமைப்பு நடத்தியது உங்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம்: டெல்லியின் மாநிலத் தகவல் சட்டத்தில் 68 ஒப்பந்தங்களின் நகல் எடுத்து, தெருத் தெருவாகப் போய்ச் சரிபார்த்து, மக்கள் முன் படித்தார்கள். ஏறக்குறைய 1.3 கோடி ரூபாய் வேலையில் 70 லட்சம் அளவுக்குப் பொருள் தெருவில் இல்லை என்பது அவர்கள் வெளியிட்ட கணக்கு.

நீங்கள் செய்யும்போது கவனிக்க வேண்டியவை. இடம் தெருவிலேயே, கோயில் மண்டபமோ சர்ச் ஹாலோ வேண்டாம். ஏதாவது ஒரு பகுதி ஆட்கள் வராமல் போவார்கள். அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் பத்து நாள் முன்பே எழுத்தில் அழைப்பு, அவர்களுக்கு நாற்காலி, பதில் சொல்ல நேரம். தலைமைக்கு அந்தத் தெருவைச் சேராத, கட்சி சாராத இருவர், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருந்தால் நல்லது. எம்.பி.யில் ஐட்டம் ஐட்டமாகப் படிக்க வேண்டும், கன்னடத்தில் படித்து உடனே தமிழிலும் உருதுவிலும் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்புக்கு நேரம் ஒதுக்காவிட்டால் பெண்கள் அரை மணியில் எழுந்து போய்விடுவார்கள்.

பெரும்பாலும் எங்கே கெடுகிறது தெரியுமா? மைக் கிடைத்ததும் ஒருவர் ரேஷன் கார்டு, ஒருவர் பென்ஷன், ஒருவர் பக்கத்து வீட்டு நாய். வாசலில் ஒரு மேஜை போட்டு அந்தக் குறைகளைத் தனியாக எழுதி வாங்குங்க. ரேஷன், சான்றிதழ் போன்றவை கர்நாடகத்தின் சகாலா சட்டத்தில் காலக்கெடு உள்ள சேவைகள். மனுவுக்குக் கொடுக்கும் 15 இலக்க எண்ணை வைத்துத் தொடரலாம், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், 500 ரூபாய் வரை இழப்பீடும் உண்டு. மைக்கில் வடிகால் மட்டும். "திருடன்" என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கோங்க. எண்ணைச் சொல்லுங்க, மிச்சத்தைக் கேட்பவர் முடிவு செய்யட்டும்.

மினிட்ஸ்_மன்னார்

அக்காவோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். ஒப்பந்ததாரருக்குப் பத்து நாள் முன்பே சொன்னால் ஒன்பதாவது நாள் இரவில் வந்து பூசிவிட்டுப் போவார். அழைப்புக்கு முன்பே கூட்டு அளவீடு முடிந்து, உதவிப் பொறியாளர் கையெழுத்தோ, குறைந்தபட்சம் தேதியிட்ட போட்டோவோ இருக்க வேண்டும். வரிசை மாறினால் கேட்பு நாளில் தெரு பளபளவென்று இருக்கும், பொய் சொன்னது நீங்கள் என்று ஆகும்.

அல்சூர்_அல்லி

சரி, ஏற்றுக்கொள்கிறேன். பூசிவிட்டுப் போனால் தெருவுக்கு லாபம்தானே என்று கேட்பவர்களும் இருப்பார்கள், பூச்சு ஒரு மழைக்குத்தான் தாங்கும்.

ஈஜிபுரா_வாடகைவாசி

பணம்? நகல், டேப், மைக், தேநீர் எல்லாம் சேர்த்தால் சில ஆயிரம் வரும். ஒரு பெரிய தொண்டு நிறுவனம் உதவுவதாகச் சொல்கிறார்கள்.

பில்_பார்ப்பவர்

தெருவிலேயே வசூல் பண்ணுங்க, ரசீது போடுங்க, வரவு செலவை ஒட்டுங்க. மாநகராட்சியிடம் கணக்குக் கேட்பவர் தன் கணக்கை முதலில் காட்டினால் பாதி வாய் அடைபடும். வெளிநாட்டுப் பணம் வாங்கும் நிறுவனம் என்றால் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது, பதிவில்லாத உங்கள் குழுவுக்குக் கேள்வியே இல்லை. அவர்களிடம் பணத்துக்குப் பதில் ஆளைக் கேளுங்க: கன்னடத்தில் மனு எழுத ஒருவர், எஸ்டிமேட் படிக்க ஒரு பொறியாளர், மேல்முறையீட்டுக்கு ஒரு வக்கீல். அதைக் கொடுக்கும் அமைப்புதான் உங்களுக்கு உபயோகம். தங்கள் பேனரை மட்டும் கொண்டுவருபவரைக் கும்பிட்டு அனுப்புங்க.

ஈஜிபுரா_வாடகைவாசி

அப்படியானால் வரிசை இது: எந்தத் துறை வேலை என்று பார்த்து இரண்டு மனு (நகல், பார்வை), காத்திருக்கும் நாளில் பத்துக் கேள்வி, காகிதம் வந்ததும் அளவு, வார்டுக் கூட்டத்தில் கூட்டு அளவீடு கேட்டு மினிட்ஸில் ஏற்றுவது, பிறகு தெருவில் கேட்பு. சரிதானா?

ஜல்லிக்கரண்டி

ஒன்று விட்டுவிட்டீங்க. ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு, எந்தத் தேதியில் முடிகிறது என்று முதலில் பாருங்க. அதற்குள் உடைந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரி செய்ய வேண்டும், பிடித்து வைத்த பாதுகாப்புத் தொகையும் அரசிடம் இருக்கும். அந்தத் தேதி தாண்டினால் அதே வடிகாலுக்குப் புது எஸ்டிமேட், புது டெண்டர், மறுபடி உங்கள் வரிப்பணம். முடிய இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் கேள்வித்தாள், கேட்பு எல்லாவற்றையும் பின்னால் தள்ளுங்க. குறைகளைப் போட்டோவோடு செயற்பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் நாளைக்கே அனுப்புங்க, "பொறுப்புக் காலத்துக்குள் தெரிவிக்கப்பட்டது" என்ற வரியைத் தலைப்பிலேயே போட்டு.